பழமும் பிள்ளையும்: பள்ளி வாசலில் கேட்ட கேள்விகள்

திண்டுக்கல் பக்கத்தில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நான் எடுக்கிற முதல் பாடம் பழங்கள். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் தாத்தாக்களும் வாசலில் நின்று கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். பிள்ளைக்குப் பழங்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். வாங்கின பழத்தைக் கெடாமல் எப்படி வைப்பது என்று மீதிப் பேர். எனக்கு இரண்டும் ஒரே பாடம்தான். பழம் கனிவதையும் வாடுவதையும் அழுகுவதையும் நாள்தோறும் பார்க்கிற பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தர அதிகம் மிச்சம் இருக்காது.

எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம், டீச்சர்?

ஆறு மாதம் முடிந்து, மசித்த வாழைப்பழத்தை முதல் முறை ஊட்டுகிற அன்றைக்கே ஆரம்பிக்கலாம். ஊட்டுவதற்கு முன் முழுப் பழத்தைக் கையில் கொடுத்து, மோந்து பார்க்கவிட்டு, பெயரைச் சொல்லுங்கள். ஒன்றரை வயதில் "மாம்பழத்தை எடுத்து வா" என்றால் எடுத்து வருவார்கள். மூன்று வயதில் நிறம், அளவு பார்த்துப் பிரித்து அடுக்குவார்கள். நாலு வயதில் "ஏன்" வரும். அதற்குள் நீங்கள் தயாராகிவிட வேண்டும்.

வீட்டுச் சுவரில் பழப்படம் ஒட்டியிருக்கிறோம். போதாதா?

போதாது. கடையில் கிடைக்கும் அந்தப் படங்களில் திராட்சையும் பலாப்பழமும் ஒரே அளவில் இருக்கும். பாதிப் பழங்கள் நம் ஊர்த் தள்ளுவண்டிக்கு வராதவை. என் வகுப்பில் ஒரு பெண் கிவி, ஸ்ட்ராபெர்ரி, செர்ரி எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிப்பாள். ஒரு நாள் நாவல் பழத்தைத் தட்டில் வைத்தேன். "கறுப்புத் திராட்சை" என்றாள். பள்ளிக்கு எதிரே நிற்பது நாவல் மரம்.

படத்தைக் கழற்ற வேண்டாம், தள்ளுவண்டியிலிருந்து தொடங்குங்கள். எங்கள் பக்கத்துக்கு ஆயக்குடிக் கொய்யா, நத்தம் மாம்பழம், சிறுமலை வாழை, பன்னீர் திராட்சை, கொடைக்கானலிலிருந்து இறங்கும் பேரிக்காயும் பிளம்ஸும். கன்னியாகுமரிக்காரர்களுக்கு மட்டி வாழை, பண்ருட்டிக்காரர்களுக்குப் பலா. மாதத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் மா. ஆனி, ஆடியில் நாவல். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு விளாம்பழம், அதை ஒட்டியே சீத்தா. மார்கழி, தையில் இலந்தை. தமிழ் மாதமும் கூடவே மனதில் நின்றுவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு புதுப் பழம் போதும். அவசரமில்லை.

பெயரைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்தில் சொல்வதா?

இரண்டும் தெரிந்தால் நல்லது. ஆனால் தமிழை முதலில் சொல்லுங்கள். மொழிப்பற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. பழத்தைக் கவனிக்கப் பழக்குவதற்குத் தமிழில் இருக்கிற சொற்கள் அவ்வளவு உதவுகின்றன.

மாம்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஞ்சாக இருக்கும்போது வடு, முற்றினால் மாங்காய், பழுத்தும் பழுக்காமலும் இருந்தால் செங்காய், அப்புறம்தான் பழம். வாழையின் பிஞ்சுக்குக் கச்சல் என்று பெயர். பலாவுக்கு மூசு. தென்னைக்கும் பனைக்கும் குரும்பை. தோலுக்கும் அப்படித்தான்: மெல்லியதாக இருந்தால் தொலி, கொஞ்சம் தடித்தால் தோல், விளாம்பழத்துக்கு இருப்பது ஓடு. துண்டு என்ற ஒரே சொல்லை எல்லாப் பழத்துக்கும் பயன்படுத்த வேண்டியதில்லை. மாம்பழத்தில் கீற்று, ஆரஞ்சிலும் பலாவிலும் சுளை, மாதுளையில் முத்து, தர்பூசணியில் பத்தை.

எனக்கு மிகவும் பிடித்தது கெட்டுப்போன பழத்துக்கு இருக்கிற சொற்கள். சுருங்கிப்போனால் சிவியல். பூச்சி அரித்திருந்தால் சொத்தை. முற்றாமல் சூட்டில் பழுத்தது வெம்பல். குழைந்து கொழகொழவென்று ஆனால் அளியல். அதற்கும் மேலே போய் நாற்றம் வந்துவிட்டால் அழுகல். இந்த ஐந்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆண்டு, ஒரு பையன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "டீச்சர், எங்கம்மா சிவியல் வச்சிருக்காங்க" என்றான். அந்த அம்மா மறுநாள் என்னைப் பார்த்து முறைத்தார். பரவாயில்லை. நல்ல பழம் எது, போகிற பழம் எது என்று அவனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தக்காளி காயா, பழமா?

செடியைப் படித்தவர்கள் கணக்கில், பூவின் அடியிலிருந்து உருவாகி விதையைச் சுமந்திருப்பது எல்லாமே பழம். தக்காளி, கத்தரி, வெண்டை, பூசணி எல்லாம் அதில் சேரும். சமையற்கட்டின் கணக்கு வேறு. பிள்ளைக்கு இரண்டு கணக்கும் உண்டு என்று சொன்னால் புரிந்துகொள்ளும். நாமே பழுத்த தக்காளியைத் தக்காளிப் பழம் என்றும் சிவந்த மிளகாயை மிளகாய்ப் பழம் என்றும் சொல்கிறவர்கள்தானே. பேரிக்காய் மட்டும் எவ்வளவு கனிந்தாலும் நம் வாயில் காயாகவே இருக்கிறது.

"பழம் ஏன் பழுக்குது?" என்று கேட்கிறான். நாலு வயதுக்காரனுக்கு என்ன சொல்வது?

"பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது" என்று சொல்லுங்கள். கதை இல்லை, உண்மை. மரத்திலிருந்து இறங்கின பிறகும் பழம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. சில பழங்கள் கூடவே எத்திலீன் என்ற வாயுவையும் விடுகின்றன. அந்த வாயு பட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகும், பச்சை நிறம் மஞ்சளாகும், கடினமான சதை இளகும், வாசனை வரும். பக்கத்தில் இருக்கும் காய்க்கும் அதே வாயு போய்ச் சேரும். "ஒரு பழம் பழுத்தா, பக்கத்துல இருக்கறத எழுப்பிவிடும்" என்று நான் சொல்வேன்.

நம் பாட்டிமார்களுக்கு எத்திலீன் என்ற பெயர் தெரியாது. ஆனால் சப்போட்டாவையும் மாங்காயையும் அரிசிப் பானைக்குள் புதைத்தார்கள், வைக்கோலில் மூடினார்கள். வாயு வெளியே ஓடாமல் உள்ளேயே நின்றது. வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போடுவதும் இதே வழிதான், புகையிலும் எத்திலீன் உண்டு.

வகுப்பில் ஒரு சோதனை செய்வோம். ஒரே மரத்து மாங்காய் மூன்று. ஒன்று மேசை மேல், ஒன்று அரிசி டப்பாவில், ஒன்று ஃப்ரிட்ஜில். தினமும் காலையில் எடுத்து மோந்து பார்த்து, அழுத்திப் பார்த்து, படம் வரைந்து திருப்பி வைக்க வேண்டும். அரிசியில் இருந்தது முந்திக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் இருந்தது அப்படியே காயாக உட்கார்ந்திருக்கும். பழத்தை எங்கே வைப்பது என்ற பாடம் அதிலேயே முடிந்துவிடுகிறது. வீட்டில் செய்வதாக இருந்தால் மாங்காயோடு ஒரு வாழைப்பழத்தையும் டப்பாவில் போட்டுப் பாருங்கள், இன்னும் சீக்கிரம் பழுக்கும்.

எல்லாப் பழமும் இப்படிப் பறித்த பிறகு பழுக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, கொய்யா, பலா பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி பறித்த அன்று எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். அன்னாசியைத் தலைகீழாக வைத்தால் இனிக்கும் என்று ஒருவர் சொன்னார். புளித்த அன்னாசி தலைகீழாகவும் புளிக்கும்.

எதை வெளியே வைப்பது, எதை ஃப்ரிட்ஜில் வைப்பது?

மேலே சொன்னதிலிருந்தே பாதி விடை வந்துவிடும். பறித்த பிறகு பழுக்கிற வகையைக் காயாக இருக்கும்வரை வெளியே வையுங்கள். பழுத்துவிட்டால், உடனே சாப்பிட முடியாதென்றால் மட்டும் ஃப்ரிட்ஜ். பழுத்த மாம்பழம் அங்கே நாலைந்து நாள் தாங்கும். கொய்யா மூன்று நாலு நாள். ஆனால் அதன் வாசனை பாலுக்கும் தயிருக்கும் ஏறிவிடும், மூடி வையுங்கள். சீத்தாவுக்குத் தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. அது எப்படியும் ஒரே நாளில் கனிந்து குழைந்துவிடுகிற பழம், இரண்டு மூன்றுக்கு மேல் வாங்காதீர்கள்.

திராட்சை வாங்கி வந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், கழுவாமல். உதிர்ந்ததையும் நசுங்கினதையும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒரு திராட்சையில் பூசணம் பிடித்தால் கொத்து முழுக்கப் பரவும். ஆரஞ்சும் சாத்துக்குடியும் வெளியே ஒரு வாரம், உள்ளே இரண்டு மூன்று வாரம். எலுமிச்சம்பழத்தை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் சாறு குறையாது. மாதுளைக்குத் தோல் காய்ந்து ஓடு மாதிரி ஆனாலும் முத்து நன்றாக இருக்கும். முழுத் தர்பூசணிக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை. வெட்டின பிறகு கட்டாயம் தேவை.

ஆப்பிள் மட்டும் கொஞ்சம் வம்புக்காரன். வெளியே ஒரு வாரம் கிடந்தால் மாவு மாதிரி ஆகிவிடும், ஆகவே ஃப்ரிட்ஜ்தான் நல்லது. ஆனால் எத்திலீனை நிறைய விடும். கீரை, கேரட், வெள்ளரி இருக்கிற பெட்டியிலேயே போட்டால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். தனிப் பையில் கட்டி வேறு தட்டில் வையுங்கள்.

எந்தப் பழமாக இருந்தாலும் வெட்டின பிறகு ஒரு கணக்குதான். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். தள்ளுவண்டியில் வெட்டி வைத்திருக்கும் பழத்தட்டைப் பிள்ளைக்கு வாங்கித்தர நான் யோசிப்பது இதனால்தான். முழுப் பழத்தை வாங்கி, கண் முன்னால் வெட்டச் சொல்லலாம்.

வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் கறுத்துப்போகிறதே?

வாழை வெப்பநாட்டுப் பயிர். சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதன் தோலுக்குக் குளிர் தாங்காது, உள்ளிருக்கும் செல்கள் சிதைந்து கறுக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் நாலைந்து டிகிரியில் ஓடுகிறது. நன்றாகப் பழுத்த பிறகு வைத்தால் தோல்தான் கறுக்கும், பழம் சாப்பிடலாம். காயாக வைத்தால் அப்புறம் வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது.

சீப்பைக் கயிற்றில் தொங்கவிடுவதுதான் பழைய முறை, நல்ல முறை. தரையில் வைத்தால் அடிப்பக்கம் நசுங்கி அங்கிருந்து கெட ஆரம்பிக்கும். தாராக வாங்குகிறவர்கள் மேல் சீப்பிலிருந்து எடுத்து வாருங்கள், அதுதான் முதலில் முற்றினது. பெட்டிக்கடையில் தார் தொங்குவதைப் பிள்ளைக்குக் காட்டி, "எந்தச் சீப்பு முதல்ல பழுக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

வகை தெரிந்து வாங்குவதும் ஒரு வழி. ரஸ்தாளி கனிந்ததும் காம்பிலிருந்து உதிர்ந்துவிடும். சிறுமலை, விருப்பாச்சி மலைவாழை தோல் சுருங்கிக் கறுத்தாலும் உள்ளே கெட்டியாகத் தாங்கும். மலைவாழையைப் பார்த்துப் பழகாதவர்கள் அதை அழுகல் என்று நினைத்து ஒதுக்குவார்கள். தோலைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல பழம் எனக்குத் தெரியவில்லை.

டிபன் டப்பாவில் ஆப்பிள் கறுத்துப்போய் வீட்டுக்கே திரும்பி வருகிறது. என்ன செய்யலாம்?

ஆப்பிளை வெட்டும்போது அதனுள் இருக்கும் ஒரு நொதிமமும் காற்றும் சந்தித்துக்கொள்கின்றன. அதனால் வருகிற நிறம் அது, கெட்டுப்போனதல்ல. எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்த தண்ணீரிலோ, மிக லேசாக உப்புப் போட்ட தண்ணீரிலோ இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் ஒற்றி, டப்பாவில் நெருக்கமாக அடுக்குங்கள். பிள்ளையையே பிழியச் சொல்லுங்கள். ஒரு துண்டைச் சாறு போடாமல் தனியாக வைத்துச் சாயங்காலம் ஒப்பிட்டுப் பார்த்தால் சோதனையாகவும் ஆயிற்று.

இன்னொரு வழி, ஆப்பிளையே விட்டுவிடுவது. வெட்டாமல் கொடுத்தனுப்பக்கூடிய வாழைப்பழமும் உரித்த கமலா ஆரஞ்சுச் சுளையும் என்ன பாவம் செய்தன? வைட்டமின் சி வேண்டுமென்றால் கொய்யாவில் ஆரஞ்சைவிடச் சுமார் நாலு மடங்கு இருக்கிறது. ஆப்பிள்தான் உசத்தி என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களிடமிருந்து வந்திருக்கலாம்.

வாங்கி வந்தவுடன் கழுவி வைக்கலாமா?

சாப்பிடுவதற்கு முன் கழுவுங்கள். ஈரத்தோடு உள்ளே போனால் பூசணம் பிடிக்கும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே போதும். சோப்பு வேண்டாம், பழத்தின் நுண்துளைகளில் அது தங்கிவிடும். தோலுரித்துச் சாப்பிடும் பழத்தையும் கழுவத்தான் வேண்டும், கத்தி தோலில் இருப்பதை உள்ளே கொண்டுபோகும். திராட்சையின் மேல் இருக்கும் வெள்ளைப் படலத்தைப் பார்த்து மருந்து என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது பழமே தன்னைக் காத்துக்கொள்ளச் சுரந்த மெழுகு. மாம்பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போடுவது நல்ல பழக்கம். காம்பில் வடிந்த பால் போய்விடும். அந்தப் பால்தான் சில பிள்ளைகளுக்கு வாயோரம் புண்ணாக்குகிறது.

கழுவச் சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். ஔவையார் கதையைச் சொல்லுங்கள். நாவல் மரத்தின் மேல் மாடு மேய்க்கும் சிறுவனாக முருகன். "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?" என்கிறான். சுட்ட பழம் கேட்கிறாள் பாட்டி. மணலில் விழுந்த பழத்தை எடுத்து ஊதுகிறாள். "என்ன பாட்டி, பழம் ரொம்பச் சுடுகிறதோ?" கதை முடிந்ததும் நான் கேட்பேன்: "பாட்டி ஊதினாங்க, மண்ணு போச்சா?" ஒருத்தராவது "கழுவியிருக்கணும்" என்பார்கள்.

கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கல் என்று நாம் சொல்வது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அது எத்திலீன் மாதிரியே காயை ஏமாற்றிப் பழுக்கவைக்கும். கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் இந்தியாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குத் தடை. எத்திலீன் வாயு அறையில் பழுக்கவைப்பது வேறு, அதற்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவுவரை அனுமதி உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் உண்டு: எல்லாப் பழமும் ஒரே மாதிரிப் பளபளவென்று மஞ்சள், ஆனால் காம்புப் பக்கம் மோந்தால் வாசனையே இல்லை, வெட்டினால் கொட்டையைச் சுற்றி வெளுத்துப் புளிக்கிறது. நான் செய்வது, சித்திரைக்கு முன்னால் மாம்பழமே வாங்குவதில்லை. அப்புறம் செங்காயாக வாங்கி வைக்கோலில் போடுவேன். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது.

அழுகின இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுக்கலாமா?

அடிபட்டுக் கன்றிப்போன இடமென்றால் வெட்டிவிட்டுக் கொடுக்கலாம். பூசணம் பிடித்திருந்தால், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். திராட்சை, கொய்யா, மாம்பழம் மாதிரி மென்மையான பழத்தில் பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். முழுத் திராட்சை, பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கச் சரியான அளவு. ஐந்து வயதுவரை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள், குறுக்கே வெட்டினால் போதாது. பன்னீர் திராட்சைக்கு விதையும் எடுக்க வேண்டும். ஆப்பிளை நாலு வயதுவரை துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். சப்போட்டா விதையின் நுனியில் ஒரு கொக்கி இருக்கிறது, தொண்டையில் மாட்டும். நீங்களே எண்ணி எடுத்துவிட்டுக் கொடுங்கள். நாவல், இலந்தை, சீத்தா எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தர வேண்டிய பழங்கள். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் படுத்துக்கொண்டும் சாப்பிடக் கூடாது. வகுப்பில் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒன்றில்தான்.

கொட்டையை விழுங்கிவிட்டான். வயிற்றில் மரம் முளைக்கும் என்று அண்ணன் பயமுறுத்துகிறான்.

மரமாக வளர மண்ணும் வெளிச்சமும் வேண்டும், வயிற்றில் இரண்டும் இல்லை. மூச்சுத் திணறல், இருமல் எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போன சின்ன விதை தானாக வெளியேறிவிடும். திணறினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். சீத்தா விதையைக் கடித்து மெல்ல மட்டும் விடாதீர்கள், அதன் பருப்பு நஞ்சு. அதைப் பொடித்துப் பேனுக்குத் தலையில் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணில் பட்டால் கண்ணையே புண்ணாக்கிவிடும்.

பழத்தையே தொடமாட்டேன் என்கிறாள்.

"தொடு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், "சாப்பிடு" என்று சொல்லாதீர்கள். ஒரு துணிப்பைக்குள் மூன்று பழங்களைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொரசொரப்பு அன்னாசி, வழுவழுப்பு மாதுளை, மேடுபள்ளமாகச் சீத்தா. அப்புறம் மோந்து பார்ப்பது. அப்புறம் நறுக்க உதவி. நறுக்கின கையை யாரும் நக்காமல் இருப்பதில்லை.

புளிக்கிற பழத்துக்கு உப்பும் மிளகாய்த்தூளும், விளாம்பழத்துக்கு வெல்லம், இதையெல்லாம் கொஞ்சமாகச் சேர்ப்பதில் குற்றமில்லை. "சாப்பிட்டால் சாக்லேட் தருவேன்" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பழம் தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். எட்டுப் பத்து முறை தட்டில் பார்த்த பிறகே சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். வீட்டில் அப்பா கொய்யா கடிக்கிற சத்தம் கேட்க வேண்டும், முக்கியமாக.

ஜூஸாகப் போட்டுக் கொடுக்கலாமா?

ஒரு வயதுக்குள் வேண்டாம். ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளுக்கு அரை டம்ளருக்கு, அதாவது சுமார் 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. நாலு ஆரஞ்சை ஒரு பிள்ளை உட்கார்ந்து சாப்பிட முடியாது; நாலு ஆரஞ்சின் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடும். நார்ச்சத்தும் போச்சு, சுளை உரிக்கிற வேடிக்கையும் போச்சு.

ஆரஞ்சு சாப்பிட்டால் சளி பிடிக்குமாமே?

சளி வைரஸால் வருகிறது, பெரும்பாலும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையிடமிருந்து. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் கொடுங்கள், மாமியாருக்கும் சமாதானம்.

பிள்ளை அசந்துபோகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

முந்திரிப் பழத்தைக் காட்டுங்கள், கொட்டை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அவசரக்காரர்களை ஏன் முந்திரிக்கொட்டை என்கிறோம் என்று அப்போதுதான் புரியும். நாம் பழம் என்று தின்பது உண்மையில் பருத்துப்போன காம்பு.

அத்திப்பழத்தை இரண்டாக வெட்டுங்கள். உள்ளே நெருக்கமாக இருக்கும் அந்தச் சின்னச் சின்ன நூல்கள்தான் பூக்கள். அத்தி மரத்தில் பூவை யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் "அத்தி பூத்தாற் போல" என்கிறோம். பூக்கத்தான் செய்கிறது, உள்ளுக்குள். பலாப்பழம் ஒரு பழமே அல்ல, ஒரு கூட்டம். ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு பூவிலிருந்து வந்தது. வாழைப்பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டியவை, ஆகாமல் போனவை. விதையில்லாத வாழை பக்கக் கன்றால்தான் பெருகுகிறது. வாழையடி வாழை.

ஓடும் புளியம்பழமும் போல என்று ஒட்டாத உறவைச் சொல்வோம். பச்சைப் புளியங்காயையும் முற்றின புளியம்பழத்தையும் கையில் கொடுங்கள். காயில் ஓடு ஒட்டியிருக்கும், பழத்தில் குலுக்கினால் உள்ளே ஆடும். விளக்கம் தேவையில்லை.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.

குறைவாக வாங்குங்கள், அடிக்கடி வாங்குங்கள். வாரச் சந்தைக்காரர்களுக்கு ஒரு வழி: பெரிய மண்தொட்டிக்குள் சின்னத் தொட்டி, நடுவில் மணல். மணலில் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மழைக்காலத்தில் அவ்வளவாக வேலை செய்யாது.

கெடாமல் வைக்கும் வித்தை ஃப்ரிட்ஜுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. மாவடுவை உப்பில் போட்டோம், நெல்லியைத் தேனில் போட்டோம். உப்பும் சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குப் பிழைப்பில்லை. பழனிப் பஞ்சாமிர்தம் அதே வழி. மலைவாழை, சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். ஒரு துளி தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. டப்பாவைத் திறக்கும்போது ஈரக்கரண்டி போடாதே என்று வீட்டில் ஏன் திட்டுகிறார்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

பழத்தைச் சுற்றிக் குட்டி ஈ மொய்க்கிறது.

கனிந்த பழத்தின் வாசனைக்கு வருகிறது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. ஈ வந்து விழும். ஆனால் மூலையில் ஒரு பழம் அழுகிக் கிடக்கும்வரை கிண்ணம் வைத்துப் பயனில்லை, முதலில் அதைத் தேடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். பழங்களை என்ன செய்ய?

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்னால், வகுப்பு அரிசி டப்பாவில் சப்போட்டா புதைத்ததை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால் சாராய வாடை. டப்பாவைத் திறந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள், அளியலா அழுகலா என்று. அழுகல் என்று தீர்ப்பாயிற்று. இரண்டு படி அரிசியைக் கொட்டினேன். இப்போது டப்பாவின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம், "உள்ளே: 3" என்று. எடுக்கிறவர்கள் அடித்துத் திருத்த வேண்டும்.